நாய் சாப்பிட மாட்டேங்குது: திரும்பத் திரும்ப வரும் கேள்விகளும் பதில்களும்

ஒரு கால்நடை மருத்துவமனையின் முன்மேசையில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். டோக்கன் போடுவது, தடுப்பூசி அட்டையில் தேதி எழுதுவது, போனை எடுப்பது என் வேலை. நான் டாக்டர் இல்லை. போனில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் "எங்க நாய் சாப்பிட மாட்டேங்குது" என்பதுதான். அதையடுத்து வரும் சந்தேகங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி. டாக்டர்கள் அவற்றுக்குச் சொன்ன பதில்களை ஒரு நோட்டில் எழுதிவைத்து வந்தேன். அந்த நோட்டுதான் இது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

1. நேத்து ராத்திரியிலேர்ந்து சாப்பிடலை. உடனே டாக்டர்கிட்ட ஓடணுமா?

வளர்ந்த நாய், நடமாட்டம் வழக்கம்போல, தண்ணீர் குடிக்கிறது, வாந்தி பேதி இல்லை என்றால், ஒரு வேளை தவறியதற்காக ஓட வேண்டாம். ஒரு நாள் பட்டினியை நல்ல ஆரோக்கியமுள்ள நாயின் உடம்பு தாங்கும். 24 மணி நேரம் தாண்டியும் எதையும் தொடவில்லை என்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். 48 மணி நேரம் ஆகிவிட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

கணக்கை எங்கே தொடங்குவது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். கடைசியாக வயிறு நிறையச் சாப்பிட்ட நேரத்திலிருந்து எண்ண வேண்டும். "நேத்துதான்" என்று ஆரம்பித்து, இரண்டாவது நிமிடம் "முந்தாநேத்தும் பாதிதான் தின்னுச்சு" என்பவர்கள் நிறைய. குட்டிகளுக்கும், ஏற்கெனவே நோயுள்ள நாய்களுக்கும் இந்தக் கணக்கு செல்லாது. அது கீழே வருகிறது.

2. போன் பண்ணினா டாக்டர் என்னென்னமோ கேக்கறாரு. என்னத்தைப் பார்த்து வச்சுக்கணும்?

"சாப்பிடலை" என்பது பாதி வாக்கியம். மீதியைத்தான் அவர் கேட்கிறார். கிண்ணத்தை வைத்துவிட்டுக் கொஞ்சாமல், கெஞ்சாமல் இரண்டு நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். படுத்த இடத்தைவிட்டு எழாது, கிண்ணம் வைத்த சத்தத்துக்குக் காதுகூட அசையாது என்றால் பசியே இல்லை. காய்ச்சல், தொற்று, ஈரல், சிறுநீரகம், வலி என்று காரணம் உள்ளே இருக்கும். வாலாட்டிக்கொண்டு வரும், வாயில் கவ்வும், கீழே போட்டுவிடும், ஒரு பக்கமாகவே மெல்லும் என்றால் பசி இருக்கிறது, வாய்தான் இடம் கொடுக்கவில்லை. மூன்றாவது வகை: வரும், மோந்து பார்க்கும், உதட்டை நக்கும், வெறும் எச்சிலை விழுங்கும், முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அது குமட்டல். கர்ப்பிணிக்குச் சமையல் வாசனை படும்போது வருவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மூன்றையும் வீட்டில் "சாப்பிடலை" என்ற ஒரே சொல்லால் சொல்கிறோம். வைத்தியமோ மூன்றுக்கும் வேறு வேறு. அந்த இரண்டு நிமிடத்தைப் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவமனைக்கு வந்த பயத்தில் எந்த நாயும் டாக்டர் முன்னால் சாப்பிட்டுக் காட்டாது.

கூடவே குறித்துக்கொள்ள வேண்டியவை: கடைசியாக மலம் போனது எப்போது, எப்படி இருந்தது, சிறுநீரின் நிறம், வாந்தி எடுத்திருந்தால் அதில் என்ன இருந்தது, புதிதாக ஏதாவது மருந்தோ, புது உணவு மூட்டையோ தொடங்கினீர்களா, குப்பைத்தொட்டி கவிழ்ந்து கிடந்ததா, பொம்மையில் துண்டு காணாமல் போயிருக்கிறதா. கடைசி இரண்டையும் யாரும் தாமாகச் சொல்வதில்லை, கேட்டால்தான் நினைவு வரும்.

3. எந்த அறிகுறி இருந்தா காத்திருக்கவே கூடாது?

வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்று முயன்று நுரையைத் தவிர ஒன்றும் வராமல் தவித்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள். பெரிய உடம்பும் ஆழமான மார்பும் உள்ள ஜாதிகளில் இரைப்பை காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும். சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். "காலையில பார்த்துக்கலாம்" என்பது இதில் கிடையாது.

திரும்பத் திரும்ப வாந்தி, ரத்தப் பேதி, தார்போலக் கறுத்த மலம், மூச்சு வாங்குதல், வலிப்பு, நிற்க முடியாத தள்ளாட்டம், சிறுநீர் வராமல் முக்குதல் ஆகியவையும் காத்திருக்க முடியாதவை. மேலுதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். வெள்ளை, நீலம், மஞ்சள் எல்லாமே ஆபத்து. ஈறே கறுப்பாக உள்ள நாய்க்குக் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள்.

சாக்லேட், திராட்சை, உலர்திராட்சை, எலிமருந்து, சைலிட்டால் கலந்த சர்க்கரையில்லா மிட்டாய் ஆகியவற்றைத் தின்றிருக்கலாம் என்ற சந்தேகமே போதும், அறிகுறி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம், அந்த உப்பே விஷமாகிவிடும். இன்சுலின் போடும் நாய் சாப்பிடவில்லை என்றால் வழக்கமான ஊசியைப் போடுமுன் டாக்டரைக் கேளுங்கள். சாப்பாடு இல்லாமல் முழு இன்சுலின் போனால் சர்க்கரை அடியோடு இறங்கிவிடும்.

4. ரெண்டு மாசக் குட்டி. இதுக்கும் 24 மணி நேரக் கணக்குதானா?

இல்லவே இல்லை. குட்டியின் உடம்பில் சேமிப்பு கிடையாது. 12 மணி நேரம் ஒன்றும் உண்ணாத குட்டியை டாக்டர் பார்க்க வேண்டும். உள்ளங்கை அளவு ஜாதிக் குட்டி என்றால் சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் துவண்டு, நடுங்கி, வலிப்பு வரை போய்விடும். துவண்டு கிடந்தால் ஈறில் கொஞ்சம் தேனையோ குளுக்கோஸ் கரைசலையோ தடவிக்கொண்டே கிளம்புங்கள். வாய்க்குள் ஊற்றாதீர்கள், மயக்கத்தில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.

குட்டி சாப்பிடவில்லை என்றதும் டாக்டர்கள் முதலில் நினைப்பது பார்வோ. 1978-இல்தான் இந்த வைரஸ் உலகெங்கும் பரவத் தொடங்கியது. இன்றும் குட்டிகளை அள்ளிக்கொண்டு போவதில் இதற்கு முதன்மையான இடம் உண்டு. ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரை உள்ளவை அதிகம் மாட்டும். பெரும்பாலும் முதலில் தெரிவது ரத்தப் பேதி அல்ல. உற்சாகம் குறைந்து சாப்பாட்டை மறுப்பதுதான். வாந்தியும் நாற்றமடிக்கும் பேதியும் அதன்பின் வரும். "ஒரு ஊசி போட்டாச்சே" என்பார்கள். ஒரு ஊசி போதாது. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் தடுப்பூசியை வேலை செய்யவிடாமல் தடுக்கும் என்பதால், 16 வார வயது வரை இரண்டு முதல் நான்கு வார இடைவெளியில் தொடர்ந்து போட்டால்தான் பாதுகாப்பு முழுமையாகும்.

5. தண்ணி நல்லா குடிக்குது, சாப்பாடு மட்டும் வேண்டாங்குது. அப்ப பயமில்லைதானே?

குடித்தது உள்ளே தங்கினால் பாதி நிம்மதி. குடித்ததும் வாந்தியாக வந்துவிட்டால் அந்தப் பாதியும் இல்லை. "நல்லா" என்பது எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி என்பது வழக்கமான அளவு, அதாவது 10 கிலோ நாய்க்கு அரை லிட்டர் சொச்சம். ஈர உணவு தின்னும் நாய் இதைவிடக் குறைவாகக் குடிக்கும். கிலோவுக்கு 100 மில்லியைத் தாண்டினால் தாகமே நோயின் அறிகுறி. சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை, கருப்பையில் சீழ் எல்லாம் இப்படித்தான் தெரியவரும். காலையில் அளந்து ஊற்றி மறுநாள் காலையில் மிச்சத்தை அளந்தால் கணக்கு கிடைத்துவிடும். சாப்பாடு குறைந்து தாகம் கூடியிருக்கும் நாயைச் சும்மா சாப்பிடாத நாயைவிடச் சீக்கிரம் காட்ட வேண்டும்.

6. மூக்கு ஜில்லுன்னுதான் இருக்கு. காய்ச்சல் இல்லைன்னு வச்சுக்கலாமா?

வைத்துக்கொள்ளக் கூடாது. தூங்கி எழுந்த நாயின் மூக்கு காய்ந்திருக்கும், தண்ணீர் குடித்த நாயின் மூக்கு ஜில்லென்றிருக்கும், அவ்வளவுதான். நாயின் இயல்பான சூடே 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ், அதாவது 101 முதல் 102.5 ஃபாரன்ஹீட். அதனால்தான் கை வைத்தால் எப்போதும் சுடுவதுபோல இருக்கிறது. டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் வாசலைன் தடவி ஆசனவாயில் வைத்துப் பார்ப்பது ஒன்றுதான் நம்பகமான வழி.

7. கிண்ணத்துகிட்ட ஆசையா வருது, மோந்து பாக்குது, அப்புறம் சாப்பிடாம போயிடுது. ஏன்?

இரண்டாவது பதிலில் சொன்ன வாய்க் கோளாறா குமட்டலா என்று பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. ஒரு லாப்ரடாரைக் கூட்டிவந்தார்கள். நான்கு நாளாகச் சாப்பிடவில்லை, வீட்டில் அதற்குள் மூன்று வகை உணவு மாற்றியாகிவிட்டது. டாக்டர் மேல்தாடையைத் தூக்கியபோது பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். அண்ணத்தின் குறுக்கே, இடது கடைவாய்ப் பல்லிலிருந்து வலது கடைவாய்ப் பல் வரை, சுண்டுவிரல் தடிமனில் ஒரு குச்சி. அளவெடுத்து வெட்டியதுபோல இரண்டு பக்கமும் இறுகி நின்றது. சுற்றிலும் சதை வீங்கி அழுகல் வாடை. இடுக்கியால் பிடித்துத் திருகியதும் டக்கென்று வந்துவிட்டது. மேசையைவிட்டு இறங்குவதற்குள் என் சட்டைப் பையில் இருந்த பிஸ்கட்டை மோந்து கண்டுபிடித்துவிட்டது அந்த நாய்.

எல்லாமே குச்சியாக இருக்காது. மூன்று வயது தாண்டிய நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஏதோ ஓர் அளவில் ஈறு நோய் உண்டு. எலும்பு, கல் போன்றவற்றைக் கடிக்கும் நாய்களுக்கு மேல்வரிசையின் பெரிய கடைவாய்ப் பல் பிளந்து நரம்பு வெளியே தெரியும். கடினமான உணவை மறுத்து, ஊறவைத்தால் மட்டும் தின்றால் பல்லைச் சந்தேகப்படுங்கள். வாய் நாற்றம், ஒரு பக்கம் மட்டும் எச்சில், முகத்தைத் தரையில் தேய்ப்பது எல்லாம் அதன் துணை அறிகுறிகள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. வெறிநாய்த் தடுப்பூசி சரியாகப் போடாத நாய், தாடை தொங்கி, எச்சில் வழிய, விழுங்க முடியாமல் இருந்தால் "தொண்டையில எலும்பு மாட்டிக்கிச்சு போல" என்று வாய்க்குள் கைவிடாதீர்கள். ரேபீஸும் அப்படித்தான் தெரியும். மற்றவர்களை விலக்கி, நாயை ஓர் அறையில் விட்டுவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். ஏற்கெனவே கைவிட்டிருந்தாலோ எச்சில் பட்டிருந்தாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, நீங்கள் உங்களுக்கான டாக்டரிடம் போங்கள்.

8. புல்லு திங்குது. வயித்தைச் சுத்தம் பண்ணிக்குதுன்னு விட்டுடலாமா?

நன்றாக இருக்கும் நாயும் புல் தின்னும், பெரும்பாலானவை அதற்குப்பின் வாந்தி எடுப்பதுமில்லை. சாப்பாட்டை மறுத்துக்கொண்டு அவசர அவசரமாகப் புல்லை விழுங்கினால் மட்டும் குமட்டல் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

9. சாப்பாடு வேண்டாங்குது, பிஸ்கட் குடுத்தா வாங்கிக்குது. இது நோயா, திமிரா?

எப்போதிலிருந்து என்பதைப் பொறுத்தது. குட்டியிலிருந்தே கிண்ணத்தைப் பார்த்து, நம்மைப் பார்த்து, "வேற என்ன இருக்கு?" என்று நிற்கும் நாய் என்றால் பழக்கியது நாம்தான். மறுத்தால் இன்னும் ருசியானது வரும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. வேளைக்குக் கிண்ணத்தை வையுங்கள், 15 அல்லது 20 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள், அடுத்த வேளைவரை நடுவில் ஒன்றும் வேண்டாம். தீனி, பிஸ்கட் எல்லாம் சேர்ந்து நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. சின்ன நாய்க்கு நாலு பேர் ஆளுக்கு இரண்டு பிஸ்கட் போட்டாலே அரை வயிறு நிறைந்துவிடும். யாராவது ஒருவர் ரகசியமாகப் போட்டுக்கொண்டே இருப்பார், பெரும்பாலும் வீட்டின் மூத்தவர். அவரோடு முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

இத்தனை நாள் கிண்ணத்தைப் பளபளவென்று நக்கிய நாய் திடீரென்று பிஸ்கட் மட்டும் கேட்டால் அது திமிர் இல்லை. லேசான குமட்டலிலும் பல் வலியிலும்கூட மிகப் பிடித்ததை மட்டும் வாங்கிக்கொள்ளும். "பிஸ்கட் சாப்பிடுதே" என்பதை வைத்து நாட்களைக் கடத்தி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த 20 நிமிட முறையைக் குட்டிக்கும் நோயாளி நாய்க்கும் செய்யவே கூடாது.

10. கொஞ்சம் கொஞ்சம் சாப்பிடத்தான் செய்யுது. இது போதுமா?

10 கிலோ நாய் சும்மா படுத்துக் கிடக்கவே நாளுக்குச் சுமார் 400 கிலோகலோரி வேண்டும். உணவு மூட்டையில் 100 கிராமுக்கு எத்தனை என்று அச்சிட்டிருக்கும். வைத்ததையும் மிஞ்சியதையும் எடைபோட்டால் உள்ளே போனது தெரிந்துவிடும். மூன்று நாளாகப் பாதிக்கும் குறைவு என்றால் சாப்பிடாத கணக்கில் சேருங்கள். வாரம் ஒருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏறி, உங்கள் எடையைக் கழியுங்கள். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்திருந்தால், நாய் எவ்வளவு ஓடி விளையாடினாலும் பரிசோதனை தேவை.

11. ஆறு மாசம் ஆகுது. முன்ன மூணு வேளையும் காலி பண்ணினது, இப்ப பாதியை விட்டுடுது.

குட்டியின் வேகமான வளர்ச்சி இந்த வயதில் தணியத் தொடங்கும், தேவையும் அதற்கேற்பக் குறையும். பலரும் இதைப் பசியின்மை என்று நினைத்துத் தினம் ஒரு ருசியைச் சேர்த்து, ஒன்பதாவது பதிலில் சொன்ன பழக்கத்தைத் தாங்களே உண்டாக்கிவிடுகிறார்கள். 28 பால்பற்கள் விழுந்து 42 பற்கள் முளைக்கும் பருவமும் நாலு முதல் ஏழு மாதத்துக்குள்தான். ஈறு வலிக்கும் நாட்களில் உணவை ஊறவைத்துக் கொடுத்தால் போதும். எடை ஏறிக்கொண்டிருக்கிறதா, விளையாடுகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் மூன்று வேளையை இரண்டாக்கிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

12. வெயில் காலத்துல கம்மியா சாப்பிடறது சகஜம்தானே?

சகஜம்தான். காலை நேரத்துக்கும் பொழுது சாய்ந்த பிறகுக்கும் உணவை மாற்றிப் பாருங்கள். குறைவது வேறு, அடியோடு நிற்பது வேறு. விடாமல் இரைத்து, ஈறு செக்கச்செவேலென்று, தள்ளாடினால் அது பசியின்மை இல்லை, வெப்பத்தாக்கு. தண்ணீரை உடம்பில் ஊற்றி, காற்றுப் படவைத்துக்கொண்டே கிளம்புங்கள்.

13. தடுப்பூசி போட்டு வந்ததுலேர்ந்து சோர்ந்து கிடக்கு, சாப்பிடலை.

ஊசி போட்ட ஒன்றிரண்டு நாள் லேசான காய்ச்சலும் மந்தமும் வரலாம், தானே சரியாகும். முகம் வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ, வாந்தி எடுத்தாலோ உடனே திரும்பி வாருங்கள். ஆபரேஷன் முடிந்த நாயும் மயக்க மருந்தின் குமட்டலில் அன்றிரவு சாப்பிடாது. 24 மணி நேரம் தாண்டியும் மறுத்தால் தையல் போட்ட டாக்டருக்குச் சொல்லிவிடுங்கள், வலி அடங்காமல் இருக்கலாம்.

14. பூச்சி மருந்து குடுத்தா பசி எடுத்துடும்னு சொல்றாங்களே?

குட்டிகளுக்குக் குடற்புழு நிறைய இருந்தால் பசி குறையும், வயிறு மட்டும் உப்பியிருக்கும். அட்டவணைப்படி மருந்து கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் வளர்ந்த நாய் சாப்பிடவில்லை என்றதும் கைக்கு முதலில் வருவது பூச்சி மருந்தாக இருப்பதுதான் எனக்குப் புரிவதில்லை. வாந்தியும் காய்ச்சலுமாக இருக்கும் நாய்க்கு அதைக் கொடுத்தால் இன்னும் வாந்தி எடுக்கும், டாக்டருக்கும் எது நோய், எது மருந்தின் விளைவு என்று குழம்பும்.

15. உண்ணி கடிச்சாகூட பசி போகுமா?

போகும். அடிக்கடி தவறவிடப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று. பழுப்பு நாய் உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற பாக்டீரியா ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும். காய்ச்சல், சோர்வு, பசியின்மை, கண்ணில் பீளை, சிலவற்றுக்கு மூக்கில் ரத்தம் என்று காட்டும். பபீசியா என்ற ஒட்டுண்ணி சிவப்பணுக்களை உடைப்பதால் ஈறு வெளுத்து, சிறுநீர் காப்பி நிறமாகும். கடித்து ஒன்று முதல் மூன்று வாரம் கழித்தும் எர்லிக்கியாவின் அறிகுறி வரும், மாதக்கணக்கில் ஒளிந்திருந்தும் வரும். அதனால் "இப்ப உடம்புல உண்ணியே இல்லையே" என்பது பதிலாகாது.

எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் வழக்கமாக 28 நாள். மூன்றாவது நாளே நாய் எழுந்து சாப்பிட ஆரம்பித்துவிடும், மாத்திரையையும் அன்றோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த மாதம் மறுபடி டோக்கன்.

16. பெண் நாய். ஹீட் முடிஞ்சு ஒன்றரை மாசம் ஆச்சு, சாப்பாட்டைக் குறைச்சிடுச்சு. சினையா இருக்குமோ?

ஹீட்டில், அதாவது இணைசேரும் பருவத்தில், இணை சேர்ந்திருந்தால் இருக்கலாம். சினைக்காலம் சுமார் 63 நாள். மூன்றாவது நான்காவது வாரத்தில் சில நாள் பசி குறையும், ஈனுவதற்கு முந்தைய நாளும் மறுக்கும். அப்போது உடல் சூடு ஒரு டிகிரிக்கு மேல் இறங்கும். இணை சேராமலேயே மடியில் பால் கட்டி, பொம்மையைக் குட்டிபோல அணைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடப்பதும் உண்டு. அது பொய்ச்சினை.

நீங்கள் பயப்பட வேண்டியது மூன்றாவதற்கு. கருத்தடை ஆபரேஷன் செய்யாத பெண் நாய், ஹீட் முடிந்து சில வாரங்களில் சாப்பாட்டைக் குறைத்து, ஐந்தாவது பதிலில் சொன்னதுபோல அதிகம் தண்ணீர் குடித்தால் கருப்பையில் சீழ் கோத்திருக்கலாம். பின்பக்கம் சீழ் வடிந்தால் உடனே தெரிந்துவிடும். கருப்பை வாய் மூடியிருந்தால் ஒன்றும் வடியாது, அதுதான் இன்னும் ஆபத்து. ஸ்கேனில் தெரியும், பெரும்பாலும் அன்றே ஆபரேஷன். ஆண் நாய் பற்றியும் கேட்பார்கள்: அக்கம்பக்கத்தில் பெட்டை ஹீட்டில் இருந்தால் வாசலிலேயே ஊளையிட்டுக்கொண்டு சில நாள் சாப்பாட்டை மறக்கும். வேறு கோளாறு இல்லை.

17. வீட்டுல ஒருத்தர் ஊருக்குப் போயிட்டாங்க. ஏக்கத்துல சாப்பிடாம இருக்குமா?

இருக்கும். ஆள் பிரிவு, வீடு மாற்றம், கூட வளர்ந்த நாயின் சாவு, புது நாயின் வருகை எல்லாம் இரண்டு மூன்று நாள் பசியைக் கெடுக்கும். பழைய நேரம், பழைய கிண்ணம், பழைய நடை வழி ஆகியவற்றை மாற்றாமல் வைத்தால் சீக்கிரம் திரும்பும். ஏக்கம் என்பது மற்ற காரணங்களைத் தள்ளிவிட்டபிறகு வர வேண்டிய முடிவு. நாம் பிரிவில் இருக்கும்போது நாயின் காய்ச்சலும் நமக்கு ஏக்கமாகத்தான் தெரிகிறது. முதல் பதிலின் 48 மணி நேரம் இதற்கும் பொருந்தும்.

18. வாயைத் தொறந்து ஊட்டி விடலாமா? சிரிஞ்சுல கஞ்சி ஊத்தலாமா?

உள்ளங்கையில் வைத்து நீட்டுவது சரி. தாடையைப் பிளந்து திணிப்பது வேண்டாம். முறை தெரியாமல் சிரிஞ்சில் தள்ளினால் மூச்சுக்குழாய்க்குள் போய் நுரையீரலில் சளிக்காய்ச்சல் வரும். இன்னொரு கெடுதலும் உண்டு: குமட்டும்போது திணித்த உணவை நாய் அந்தக் குமட்டலோடு சேர்த்தே நினைவில் வைத்துக்கொள்ளும். உடம்பு தேறியபிறகும் அந்த வாசனை பட்டாலே ஓடும். நாட்கணக்கில் சாப்பிடாத நாய்க்கு மருத்துவமனையில் மூக்கு வழியாகவோ கழுத்து வழியாகவோ குழாய் வைத்து ஊட்டுவார்கள். பார்க்கப் பாவமாக இருக்கும், ஆனால் வாயில் திணிப்பதைவிட அது நாய்க்கு எளிது.

19. பசி வர வீட்டிலேயே என்னதான் செய்யறது?

நாய்க்குச் சுவை மொட்டுகள் சுமார் 1,700. நமக்கு 9,000. ருசியைவிட வாசனைதான் அதைக் கிண்ணத்துக்கு இழுக்கும். உணவை உடல் சூட்டுக்கு, அதாவது கையில் வைத்தால் இதமாகத் தெரியும் அளவுக்குச் சூடாக்குங்கள். உலர் உணவின்மேல் வெந்நீர் தெளித்துப் பத்து நிமிடம் விட்டாலே வாசனை கிளம்பும். எலும்பு நீக்கிய வெந்த கோழியும் குழைந்த சோறும் ஒன்றிரண்டு நாளுக்குப் பரவாயில்லை. குழம்பை ஊற்றிப் பிசைந்துவிடாதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும், வெந்தாலும் வடிகட்டினாலும் அந்தக் குணம் போகாது.

கொஞ்சமாக வையுங்கள். மலைபோல் குவிந்த உணவைப் பார்த்தாலே குமட்டும் நாய் உண்டு. ஆழமான கிண்ணத்துக்குப் பதில் தட்டையான தட்டு, மற்ற நாய்கள் இல்லாத மூலை, சுற்றி நின்று கைதட்டாத குடும்பம். மறுத்தால் எடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் புதிதாக வையுங்கள். ஒரே நாளில் ஐந்து வகை உணவை வரிசையாக நீட்டாதீர்கள். குமட்டல் இருந்தால் இவை எதுவும் வேலை செய்யாது, அதற்கு மருந்துதான் வேண்டும்.

20. நாம சாப்பிடற பசி டானிக், வலி மாத்திரை கொஞ்சமா குடுக்கலாமா?

வேண்டாம். இபுப்ரோஃபென் நாயின் இரைப்பையில் புண் உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாராசிட்டமால் ஈரலைத் தாக்கும். டானிக்குகளில் சில சைலிட்டால் கலந்தவை. நாய்களுக்கென்றே பசியைத் தூண்டும் கேப்ரோமொரெலின் என்ற மருந்துக்கு 2016-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அனுமதி கொடுத்தது. இரைப்பையில் சுரக்கும் பசி ஹார்மோனைப் போலவே அது வேலை செய்யும். குமட்டலுக்கு மரோபிட்டன்ட் உண்டு. இரண்டையும் டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். குடலில் பொம்மைத் துண்டு அடைத்திருக்கும் நாய்க்குப் பசியைத் தூண்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

21. ரத்தப் பரிசோதனை நார்மல்னு வந்துடுச்சு. ஆனா இன்னும் சாப்பிடலையே?

பொதுவான ரத்தப் பரிசோதனை பிளந்த பல்லையும், குடலில் சிக்கிய துணியையும், கழுத்து வலியையும் காட்டாது. கணைய அழற்சிக்குத் தனிப் பரிசோதனை இருக்கிறது. முன்னங்கால்களை நீட்டி மார்பைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கியபடி நாய் அடிக்கடி நின்றால் அந்த வயிற்று வலியைச் சந்தேகிப்பார்கள், கொழுப்பான விருந்துக்குப்பின் வருவது அதிகம். அட்ரினல் சுரப்பி சுருங்கும் அடிசன் நோயில் சில நாள் சாப்பிடாது, ட்ரிப்ஸ் ஏற்றினால் தேறும், அடுத்த மாதம் மறுபடி படுக்கும். இந்த நோயைக் காட்டிக்கொடுக்க வேண்டிய ரத்தத்தின் சோடியம், பொட்டாசியம் அளவுகள்கூடச் சிலவற்றில் சரியாகவே இருக்கும். "போனதடவை தானே சரியாயிடுச்சு" என்று நீங்கள் சொல்லாமல் விட்டால் டாக்டருக்கு அந்த எண்ணமே வராது. அடுத்தபடி வாயை முழுசாகப் பார்ப்பது, எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன். இரண்டாவது பதிலில் சொன்ன வீடியோ உதவுவதும் இங்கேதான்.

22. நாலு நாள் கழிச்சு இப்ப பசியோட கேக்குது. வயிறு நிறையக் குடுத்துடலாமா?

ஆசையாகத்தான் இருக்கும், பொறுங்கள். முதல் நாள் வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்கை நாலைந்து வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். வாந்தி இல்லை என்றால் அடுத்த நாள் மூன்றில் இரண்டு, மூன்றாம் நாள் முழு அளவு. ஒரேயடியாகக் கொடுத்தால் வாந்தியோ பேதியோ வந்து முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். வாரக்கணக்கில் பட்டினி கிடந்த தெருநாயை மீட்டிருந்தால் வீட்டில் முயலாதீர்கள். அந்த நிலையில் உணவே ரத்தத்தின் பாஸ்பரஸைச் சட்டென்று இறக்கி உயிருக்கு ஆபத்தாகும்.

23. வயசான நாய். சாப்பிடறதை நிறுத்தினா முடிவு நெருங்கிடுச்சுன்னு அர்த்தமா?

நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் வீட்டு நாய்க்குப் பதிமூன்று வயது. கிண்ணத்தின் விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு, உள்ளே இருப்பதைப் பார்த்தபடி உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், தின்னாது. ஊரார் நாய்க்கெல்லாம் போனில் கேள்வி கேட்ட எனக்கு அது குமட்டல் என்று உறைக்க மூன்று நாள் ஆயிற்று. வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். பார்த்தால் சிறுநீரகம். அதன் வேலைத்திறனில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் போனபிறகுதான் வெளியே தெரியத் தொடங்குகிறது. ட்ரிப்ஸ், குமட்டலுக்கு ஊசி, பாஸ்பரஸ் குறைந்த உணவு. ஐந்தாம் நாள் தட்டையான தட்டிலிருந்து தானாகச் சாப்பிட்டது. அதற்குப்பின் ஒன்பது மாதம் இருந்தது.

வயது பசியைக் கொஞ்சம் குறைக்கும், மோப்பம் மங்கும், கழுத்து வலியில் குனிய முடியாமலும் போகும். ஆனால் வயது மட்டுமே சாப்பாட்டை நிறுத்துவதில்லை. வலிக்கும் குமட்டலுக்கும் மருந்து கொடுத்து, பல்லைப் பார்த்து, அதன்பிறகும் மறுத்தால்தான் அந்தப் பேச்சு. அதற்கு டாக்டர்கள் ஒரு வழி சொல்வார்கள்: காலண்டரில் தானாகச் சாப்பிட்டு, எழுந்து வந்து வாலாட்டிய நாளுக்கு ஒரு டிக், அல்லாத நாளுக்கு ஒரு கோடு. கோடுகள் டிக்கைத் தாண்டும்போது கூட்டிவாருங்கள், உட்கார்ந்து பேசலாம் என்பார்கள். எங்கள் காலண்டரில் எட்டு மாதம் வரை டிக்தான் அதிகம்.